காதோரம் கோடு விழுந்த பத்துப் பைசா

பிப்ரவரி 2, ஞாயிறு

இன்று காலை வீட்டில் இருந்தவர்கள்: செல்லக்கனியாகிய நான். ஞாயிற்றுக்கிழமையானதால் ஹார்பருக்குப் போகாத என் மகன் ராஜவேல். கையெல்லாம் ஊளிமீன் செதிலோடு என் மருமகள் பொன்சீலி. செல்போனும் கையுமாகப் பேத்தி அபர்ணா. செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று வாசலில் நின்ற, என் தங்கை பவளக்கனி மகன் ஐகோர்ட்துரை. பிறகு சுவரில் மாலைக்குள் எங்கப்பா. படத்தை எதற்குக் கணக்கில் சேர்க்கிறாய் என்று யாரும் கேட்கக் கூடாது. அன்றைக்கும் இந்த மாதிரிதான் பார்த்துக்கொண்டு இருந்தார்.

ஐகோர்ட்துரை பெயர்தான் ஐகோர்ட்டு. நாலு வார்த்தை சேர்ந்து வராது. சட்டைப்பையிலிருந்து ஒரு குங்குமச் சிமிழை எடுத்து என் முன்னால் வைத்தான்.

"பெரியம்மா, அம்மா இதைக் குடுத்துட்டு வரச் சொன்னாவ."

திறந்தேன். உள்ளே பஞ்சு. பஞ்சுக்குள் என் பத்துப் பைசா. பூ இதழ் மாதிரி வளைந்து வளைந்து போகும் ஓரம். இடது சிங்கத்தின் காதோரம் அந்தக் கோடு. ஒரு நொடியில் தெரிந்துகொண்டேன்.

"வேற என்ன சொன்னா?"

"காசுதான் வந்துட்டுல்லா, இனி அக்காவை வரச் சொல்லுன்னாவ."

"நான்தான் எடுத்தேன்னு சொன்னாளா?"

அவன் மின்விசிறியைப் பார்த்தான். "அது சொல்லலை."

"அப்போ பாதிதான் வந்திருக்கு. மீதியையும் வாங்கிட்டு வா, பெறவு பாப்போம்."

பொன்சீலி, "அத்தே, அவிய நெஞ்சைப் பொளந்து ஆபரேஷன் பண்ணப் போறாவ. இந்த நேரத்துல போயி..." என்றாள். மீனைப் பார் என்று சொன்னேன். அதற்குள் பூனை ஒரு துண்டத்தைக் கொண்டுபோய்விட்டது.

பதிமூன்றாம் தேதி மதுரையில் பவளக்கனிக்கு இதயத்தில் வால்வு மாற்றுகிறார்களாம். இதோடு மூன்று தடவை ஆள் அனுப்பிவிட்டாள். என் காசு வந்தால்தான் நான் வருவேன் என்றேன். காசு வந்துவிட்டது. ஒத்துக்கொள்ளுதல் வரவில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

சிமெண்ட் கம்பெனிக்காரன் கொடுத்த டைரி இது. ராஜவேலுக்கு வந்ததை நான் எடுத்துக்கொண்டேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எழுத்து கோணலாக இருக்கும், நடந்தது கோணாது. என் ஞாபகத்தில் தூசி விழுந்ததில்லை.

நடந்தது இது. எங்கப்பாவுக்கு ரயில்வே ஸ்டேஷன்களில் நிற்கும் எடை மிஷின் கம்பெனியில் வேலை. பத்துப் பைசா போட்டால் எடையும் பலனும் அச்சடித்த சீட்டு விழுமே, அது. தூத்துக்குடி, மணியாச்சி, கோவில்பட்டி, சாத்தூர் என்று ரயிலில் போய், மிஷினுக்கு எண்ணெய் விட்டு, காசுப் பெட்டியைத் திறந்து எடுத்துக் கம்பெனிக்குக் கட்டுவார். நான் தாவணி போட்ட வருஷம் ஒருநாள், என்னை மட்டும் கிணற்றடிக்குக் கூப்பிட்டு ஒரு புதுப் பத்துப் பைசாவைக் கையில் வைத்தார். நிக்கல் காசு. பிற்பாடு வந்த அலுமினியம் மாதிரி ஊதினால் பறக்கிற காசு இல்லை. கனம் இருக்கும்.

"பெட்டியில கெடந்துது. என் கைக்காசைப் போட்டுட்டு இதை எடுத்தேன். சிங்கத்துக்குக் காதோரம் ஒரு கோடு போகுது பாத்தியா? உலகத்துலயே இது ஒண்ணுதான். சின்னவகிட்ட காட்டாத" என்றார்.

காட்டவில்லை. டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தேன். கல்யாணத்துக்கு முந்தின நாள் பார்க்கிறேன், காணோம். மறுவீட்டுக்கு வந்தபோது பவளக்கனி தலை சீவிக்கொண்டிருந்தாள். சீப்பு டப்பாவுக்குள் சிங்கம். காதோரம் கோடு. நான் பார்த்ததைப் பார்த்ததும் கைக்குள் பொத்திக்கொண்டாள். "அப்பா எனக்குத் தந்ததுக்கா" என்றாள். மாப்பிள்ளை வீட்டார் நாலு பேர் இருக்க, இவள் திருடி என்று நான் சொன்னேன். அப்பாவைப் பார்த்தேன். அவர் ஆணியில் கிடந்த சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்.

அவ்வளவுதான். அன்றிலிருந்து அவள் வீட்டில் நான் கை நனைத்ததில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

குழாயில் தண்ணீர் வரவில்லை. மேலவீட்டுக்காரி மோட்டார் போட்டு உறிஞ்சுகிறாள். அவளையும் குறித்து வைக்கிறேன்.

பிப்ரவரி 5, புதன்

காலையில் கருவாட்டை வெயிலில் பரத்திவிட்டு, காக்கைக்குக் காவல் இருந்தபடி காசைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்று கவனித்தேன். அந்தக் காலத்தில் காதோரத்திலிருந்து அந்தக் கோட்டின்மேல் பெருவிரல் நகத்தை ஓட்டுவேன். முக்கால்வாசி போனதும் கோடு தீர்ந்து, நகம் வழுக்கி நின்றுவிடும். காசின் ஓரத்தைத் தொடாது. நூறு தடவை செய்த காரியம், நகத்துக்கே தெரியும். இப்போது ஓட்டினால் கோடு ஓரம்வரைக்கும் போகிறது. ஒரு வளைவில் போய் முட்டுகிறது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "பாத்தியா, சரியா வச்சுக்காம வெடிப்பைப் பெருசாக்கியிருக்கா! குங்குமத்தோட போட்டா அரிக்காதா?" என்று அபர்ணாவிடம் சொன்னேன்.

"ஆச்சி, காசு என்ன செவுரா, விரிசல் ஓடுறதுக்கு?" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே செல்போனில் படமும் பிடித்தாள்.

பிப்ரவரி 6, வியாழன்

அந்தப் படத்தைக் காசு சேர்க்கிறவர்கள் கூட்டம் ஒன்றுக்கு அனுப்பியிருக்கிறாள். யாரோ லூர்துராணியாம், பெரிய கோயில் பக்கம் வீடு, பேங்கில் வேலை. சனிக்கிழமை வந்து பார்க்கலாமா என்று கேட்கிறாளாம். விலைக்குக் கேட்டால் விளக்குமாறு எடுப்பேன் என்று சொல்லிவிடச் சொன்னேன். பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது.

பிப்ரவரி 8, சனி

இன்றைக்கு நான் பார்த்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மத்தியானம் சாப்பிட மறந்துவிட்டேன்.

லூர்துராணிக்கு ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் சிலுவை, கையில் ஒரு சூட்கேஸ். விலை ஒன்றும் கேட்கவில்லை. நான் மரியாதைக்காகக் காசை முந்தானையால் துடைத்து நீட்டினேன். பெண்பிள்ளை அலறிவிட்டாள்.

"ஐயோ ஆச்சி, தேய்க்காதீங்க! மூஞ்சி போயிரும். அழுக்காவே இருக்கட்டும்."

இந்த வீட்டில் அழுக்காக இருக்கட்டும் என்று சொன்ன முதல் ஆள் இவள்தான். பொன்சீலிக்குச் சந்தோஷம்.

சூட்கேஸைத் திறந்தாள். பிறகு ஒரு லென்ஸைக் கண்ணில் வைத்து எங்கள் காசைப் பார்த்தாள். பார்த்தவள் மூச்சை உள்ளே இழுத்தாள். "இதைத்தான் தேடிக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

சூட்கேஸில் எல்லாமே நிக்கல் காசுகள். வரிசை வரிசையாக ஒரே பத்துப் பைசா. ஒரே சிங்கம். இதைப் போய் இத்தனை எதற்கு என்று கேட்டேன். லென்ஸை என் கண்ணில் வைத்துவிட்டாள்.

நான் பார்த்தேன். வருஷத்துக்குக் கீழே சின்ன வைர வடிவம் இருந்தால் பம்பாயில் அடித்ததாம், ஒன்றும் இல்லாவிட்டால் கல்கத்தாவாம். ஒரு காசில் வருஷத்தின் கடைசி எண் இரண்டு தடவை பதிந்து, ஒன்றுக்குப் பின்னால் ஒன்று ஒளிந்து நிற்கிறது. ஒன்றில் சிங்கத்தின் தாடிக்கு ஒரு மயிர் கூடுதல். ஒன்றில் நடுச்சிங்கத்தின் மூக்கு அடைபட்டுப் போயிருக்கிறது. வெற்றிலைக்கும் மல்லித்தழைக்கும் எத்தனை ஆயிரம் கொடுத்திருப்பேன் இந்தக் கையால். ஒரு தடவைகூட உற்றுப் பார்த்ததில்லை. இவ்வளவு சின்ன வட்டத்துக்குள் இவ்வளவு நடந்துகொண்டிருந்திருக்கிறது.

"இந்தக் கோடு எப்படி விழுந்துது தெரியுமா? கீறல்னா பள்ளமா இருக்கணும்லா? தடவிப் பாருங்க, மேடா இருக்கு" என்றாள். தடவினேன். மேடுதான். இத்தனை காலம் தடவியும் எனக்குத் தோன்றவில்லை.

"காசுல வெடிப்பு இல்ல ஆச்சி. காசு அடிக்கிற இரும்பு அச்சுல வெடிப்பு. அடிக்கும்போது உலோகம் அந்த வெடிப்புக்குள்ள ஏறி நின்னுக்கிடும். அந்த அச்சு உடையற வரைக்கும் அடிச்ச காசு பூராவுக்கும் இந்தக் கோடு இருக்கும்."

"பூராவுக்குமா?"

"ஆயிரக்கணக்குல இருந்திருக்கும். இப்போ எங்கயெங்கயோ உருக்கியாச்சு. எங்கிட்ட ஒண்ணு இருக்கு. உங்களதுக்கு அக்கா."

எனக்குக் காது அடைத்த மாதிரி இருந்தது. "என்ன சொன்ன?"

"அச்சுல வெடிப்பு அடிக்க அடிக்க வளரும். சின்னக் கோடுள்ள காசு முன்னால அடிச்சது. பெரிய கோடுள்ளது பின்னால. உங்களது ஓரம்வரைக்கும் போயிட்டுல்லா, தங்கச்சி. என்னோடது ஓரத்தைத் தொடாது, அதான் அக்கா. தங்கச்சியத்தான் இத்தனை வருஷமா தேடினேன்."

"காசு கைக்கு வந்த பெறவு கோடு வளராதா? சரியா வச்சுக்காட்டா?"

"அது எப்படி வளரும் ஆச்சி? பொறந்தது பொறந்ததுதான்."

அவளுடைய காசை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். கண் எதற்கு இதற்கு? பெருவிரல் நகத்தைக் காதோரம் வைத்து ஓட்டினேன்.

முக்கால்வாசியில் நின்றது.

சோடா வேண்டுமா என்று ராஜவேல் கேட்டான். எங்கப்பா இதில் ஒன்றைத்தானே எடுத்தார் என்று அவளிடம் கேட்டேன். மிஷின் விவரத்தைச் சொன்னேன். அவள் யோசிக்கக்கூட இல்லை.

"ரயில்வே கவுண்டருக்குப் புதுக் காசு மூட்டை வந்தா ஒரே அச்சுல அடிச்சதெல்லாம் சேந்தே வரும். சில்லறை வாங்கினவன் அங்கனயே மிஷின்ல போடுவான். ஒண்ணு கெடந்த பெட்டியில ரெண்டு, மூணுகூடக் கெடந்திருக்கும்."

உன்னுடையது யார் கொடுத்தது என்றேன். சாத்தூரில் ஒரு பழைய இரும்புக் கடையில் எடுத்தாளாம். "இது என்னோடதா?" என்றேன்.

"இருக்கலாம் ஆச்சி. இல்லாமலும் இருக்கலாம். உடன்பிறந்ததுல எது எதுன்னு நானும் சொல்ல முடியாது, சாமியும் சொல்ல முடியாது."

பிப்ரவரி 9, ஞாயிறு

சுவரில் இருக்கிறவரை இன்று முழுக்க நான் பார்க்கவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

ராஜவேல் மெதுவாக, "மதுரைக்கு டிக்கெட் போடவா?" என்றான். "போட்டா போடு. மீனாட்சியைப் பாத்து ரொம்ப நாளாச்சு" என்றேன். அவன் பொன்சீலியைப் பார்த்தான். பொன்சீலி அடுக்களைக்குள் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குக் கண் தெரியாது என்று நினைப்பு.

லூர்துராணிக்குப் போன் போட்டு அவளுடைய காசைக் கடனாகக் கேட்டேன். மூன்று பிள்ளை பெற்றவள் ஒரு பிள்ளையை அனுப்புகிற மாதிரி, பஞ்சு சுற்றி, டப்பாவில் போட்டு, "தேய்க்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்று இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தாள்.

பிப்ரவரி 12, புதன்

மதுரை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஐகோர்ட்துரை காபி வாங்கப் போயிருக்கிறான்.

கட்டிலில் ஒரு கிழவி கிடந்தாள். அவளைத் தாண்டி அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். பின்னாலிருந்து, "எங்க போற? இங்கனதான் இருக்கேன்" என்று குரல். குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"வந்துட்டியாக்கா?"

"பஸ் வந்துது. நானும் வந்தேன்."

"மீதியைக் கேக்க வந்தியா?"

இரண்டு காசையும் அவள் உள்ளங்கையில் வைத்து, நகத்தை ஓட்டிப் பார் என்றேன். அவள் நகம் நீலமாக இருந்தது. ஒன்றில் ஓட்டினாள், ஓரம்வரை போனது. மற்றதில் ஓட்டினாள், நின்றது. அச்சு விவரத்தை எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். எது முதலில் பிறந்தது, எது பிறகு என்று காட்டினேன். வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். சின்னப் பிள்ளையில் நான் கதை சொன்னால் இப்படித்தான் கேட்பாள்.

"அப்போ மூத்ததை மூத்தவளுக்கும் எளையதை எளையவளுக்கும்தான் குடுத்திருக்காரு அப்பா. தெரிஞ்சா குடுத்திருப்பாரு?"

"அவருக்கு என்ன தெரியும்? உங்கிட்டயும் உலகத்துலயே ஒண்ணுன்னுதான் சொன்னாரா?"

"ஆமா. பெரியவகிட்ட காட்டாதன்னாரு."

அவள் கையிலிருந்த இரண்டு காசையும் புரட்டிப் பார்த்தேன். பிறகு, "என்னோடது எங்க போச்சுன்னுதான் தெரியலை" என்றேன். கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை. வாய்க்கு வந்தது.

"மிஷின்குள்ள போச்சு" என்றாள் பவளக்கனி.

எல்லாம் தெரிந்திருக்கிறது அவளுக்கு. அப்பா படுக்கையில் விழுந்து கடைசியாகக் கிடந்தபோது அவளிடம் சொல்லியிருக்கிறார். கல்யாணத்துக்கு அந்தக் காசைப் பதக்கமாக்கிப் போட வேண்டும் என்று, எனக்குச் சொல்லாமல் பெட்டியிலிருந்து எடுத்திருக்கிறார். ஆசாரி கடைக்குப் போகிற வழியில் ஸ்டேஷனில் கால் வைத்திருக்கிறார். அன்றைக்கென்று மதுரையிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்து நிற்கிறான். மிஷின் ஓடுகிறதா, ஒரு காசு போட்டுக் காட்டு என்கிறான். கல்யாணச் செலவில் சட்டைப்பை காலி. கையில் இருந்தது அது ஒன்றுதான். போட்டார். மிஷின் ஓடியது. இன்ஸ்பெக்டர் பெட்டிக்குத் தன் கையாலேயே அரக்கு முத்திரை வைத்து ரயிலில் கொண்டுபோய்விட்டான்.

"ஏன்ட்டி, ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"எங்க சொல்ல? அப்பா காரியத்துக்கு வந்தப்போ எங்கையால தண்ணி வாங்கிக் குடிக்கலை நீ. செம்பை வச்சுக்கிட்டு நின்னேன். மொகத்தைத் திருப்பிட்டுப் போன."

உண்மை. பித்தளைச் செம்பு. எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"அதோட அவரு சத்தியம் வாங்கிட்டாரு. பெரியவ என்னைய ஒருத்தனத்தான் முழுசா நம்புதா, அது போயிரக் கூடாதுன்னு அழுதாரு."

"அதுக்காவ நீ திருடியா இருந்தியா?"

"இருந்தேன்."

"இத்தன வருசமா?"

"மொதல்லதான் கஷ்டமா இருந்துது. பெறவு பழகிட்டு."

"பெறவு எதுக்கு அந்தக் காசைக் குடுத்தனுப்பின? அது உன்னோடதுல்லா?"

"நீ வரணும்லா" என்றாள்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. அந்நேரம் நர்ஸ் வந்து, ஆபரேஷனுக்கு முடியை இரட்டைச் சடையாகப் பின்ன வேண்டும், யாராவது பின்னிவிடுங்கள் என்றாள். ஐகோர்ட்துரை பெண்டாட்டி எழுந்தாள். நான் உட்காரு என்று சொல்லிவிட்டுச் சீப்பை வாங்கினேன். முன்பு கைக்கு அடங்காத முடி. இப்போது எலிவால் இரண்டு.

"இறுக்காதக்கா, வலிக்கி."

"நெஞ்சைப் பொளக்கப் போறான், அதுக்கு ஒண்ணும் சொல்லலை. இதுக்கு வலிக்காம்" என்றேன். பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள். பவளக்கனியும் சிரித்தாள். சிரித்தால் இருமல் வருகிறது, சிரிக்காதே என்று நர்ஸ் இரண்டு பேரையும் ஏசிவிட்டுப் போனாள்.

பிறகு அவள் செம்பை எடுத்தாள். இங்கே செம்பு ஏது, பிளாஸ்டிக் தம்ளர்தான். தண்ணீர் ஊற்றி நீட்டினாள். கை ஆடியதில் பாதி என் சேலையில் கொட்டியது. மீதியைக் குடித்தேன்.

பிப்ரவரி 13, வியாழன்

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். இரண்டு காசையும் ஒரே டப்பாவில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கோ ஒரு ஊரில் ஒரு இரும்பு அச்சு. மயிர் மாதிரி ஒரு வெடிப்பு. ஒரு சிங்கம் விழுகிறது, அடுத்த சிங்கம் விழுகிறது. ஒன்றுக்கொன்று முகம் பார்க்காமல் மூட்டைக்குள் போய், ரயில் ஏறி, ஒரு மிஷின் வயிற்றுக்குள் போய், எங்கப்பா கையில் ஏறி, பிரிந்து, இப்போது என் மடிக்குள் கிடக்கின்றன. இதெல்லாம் யார் பார்த்து நடத்துவது? நினைக்க நினைக்க உடம்பு சிலிர்க்கிறது. முருகா.

டாக்டர் வெளியே வந்தார். சின்னப் பையன் மாதிரி இருக்கிறார். நல்லபடியாக முடிந்தது என்றார். அவர் கையைப் பிடித்துப் பார்த்தேன். பிடித்தது தப்பு, சுத்தம் பண்ணின கை என்று நர்ஸ் ஏசினாள். நேற்று ஏசின அதே நர்ஸ். மன்னித்துவிட்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

நேற்று வீட்டுக்கு வந்துவிட்டேன். பவளக்கனி கண் திறந்து, கஞ்சி குடித்து, கஞ்சியில் உப்பு இல்லை என்று சொன்ன பிறகுதான் கிளம்பினேன்.

இன்று லூர்துராணி வந்தாள். அவளுடைய காசைக் கொடுத்தேன். லென்ஸ் வைத்து, நான் தேய்த்தேனா என்று பார்த்துவிட்டுத்தான் வாங்கினாள். பதக்க விவரத்தைச் சொன்னதும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"ஓட்டை போட்டு வளையம் பத்த வச்சிருப்பாங்களே! நல்லவேளை ஆச்சி, மிஷின் தின்னுச்சு."

அவளுக்கு அவள் கவலை.

பவளக்கனியின் காசையும் லூர்துராணியிடமே கொடுத்தேன். பவளக்கனிதான் கொடுக்கச் சொன்னாள். ஒரே தாளில் இரண்டு குழி வெட்டி, அக்காவையும் தங்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இனிமேல் பிரிக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ணினாள். அவள் போன பிறகும் என் நகத்தில் அந்த இரண்டு கோடும் இருக்கின்றன. ஒன்று நிற்கிறது, ஒன்று போகிறது.

மாலையில் ஸ்டூல் போட்டு ஏறி, சுவரில் இருந்தவரைத் துடைத்தேன். மாலை பழசாகிவிட்டது, புதிதாகப் போட்டேன். விழுந்துவிடாதீர்கள் அத்தே என்று பொன்சீலி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

இந்த டைரியில் பெயர் குறித்தவர்களை ஒவ்வொருவராக விட்டுவிட்டேன். பாதி பதிலோடு வந்த ஐகோர்ட்துரையை விட்டேன். தண்ணீர் உறிஞ்சும் மேலவீட்டுக்காரியைக்கூட விட்டேன். காசைத் தின்ற மிஷினை விட்டேன், முத்திரை வைத்த இன்ஸ்பெக்டரை விட்டேன். காசை எடுத்ததற்கோ, போட்டதற்கோ, இரண்டு பேரிடமும் ஒரே பொய்யைச் சொன்னதற்கோ எனக்கு வருத்தம் இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டு போனாரே, அந்தப் போக்குக்குத்தான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். புதுமாலை போட்டிருக்கிறேன், விளக்கு ஏற்றியிருக்கிறேன், நாளைக்கும் ஏற்றுவேன். ஆனால் ஒருத்தரை மட்டும் நான் மன்னிக்க மாட்டேன்.

எடை மிஷின் சொர்ணமுத்து. எங்கப்பா.